மால்ட் சாற்றின் கனம்

பாகு காய்ச்சும்போது இரு விரல்களுக்கிடையே தொட்டு இழுத்து, ஒரு கம்பி வருகிறதா, இரண்டு கம்பி வருகிறதா என்று பார்ப்பது தமிழ்ச் சமையலறை நன்கு அறிந்த சோதனை. அதிரசத்துக்கு ஒரு பதம், பொரி உருண்டைக்கு வேறொரு பதம். நீரில் எவ்வளவு சர்க்கரை கரைந்து நிற்கிறது என்ற கேள்விக்குத்தான் விரல் அங்கே விடை தேடுகிறது; அந்த விடைக்கு எண் கிடையாது, பெயர் மட்டுமே உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை இங்கிலாந்தின் பீர் காய்ச்சுபவர்களும் ஏறத்தாழ இந்த நிலையில்தான் இருந்தார்கள். நீரின் சூட்டைக் கையால் அறிந்தார்கள். ஆவி விலகித் தம் முகம் நீரில் தெரியும் கணத்தை வைத்து மால்ட்டைக் கொட்டினார்கள். சாற்றின் வலுவை விரல்களின் பிசுபிசுப்பும் நாவும் சொல்லின.

அந்தச் சாறு எது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். முளைகட்டி உலர்த்திய பார்லியை இடித்து வெந்நீரில் ஊறவைத்தால், தானியத்திலேயே இருக்கும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கின்றன. வடித்தெடுத்த இனிப்பு நீருக்கு ஆங்கிலத் தொழில்மொழியில் ‘வெர்ட்’ என்று பெயர், ஜெர்மனில் ‘வ்யூர்ட்ஸ’. பிந்தைய சொல்லுக்கு மசாலா என்ற பொருளும் உண்டு. ஈஸ்ட் சேர்ப்பதற்கு முன் இந்தச் சாறு நீரைவிட எத்தனை மடங்கு அடர்ந்தது என்பதே அதன் ‘கிராவிட்டி’. ஆப்பிளைக் கீழே இழுக்கும் ஈர்ப்புக்கும் இதற்கும் நேரடி உறவில்லை. ‘கனம்’ என்ற பழைய லத்தீன் பொருள் இங்கே தங்கிவிட்டது. நம் பாடநூல்கள் ஒப்படர்த்தி என்று சொல்வது இதைத்தான். நீர் 1.000 என்றால் நடுத்தர வலுவுள்ள ஒரு பீரின் சாறு 1.050. இதைத் தொழிலில் யாரும் தசமப் புள்ளியோடு உச்சரிப்பதில்லை. ‘பத்து ஐம்பது’ என்பார்கள். புள்ளியைத் தொலைத்த இந்த எண் ஒரு பெயர்ச்சொல்லாகவே ஆகிவிட்டது.

1768 வாக்கில் ஹாம்ப்ஷர் மாவட்டத்தின் ஆல்டன் என்னும் சிற்றூரில் ஜேம்ஸ் பாவர்ஸ்டாக் என்ற இளைஞர், லண்டனின் கருவி வினைஞர் பெஞ்சமின் மார்ட்டின் செய்த ஹைட்ரோமீட்டர் ஒன்றை வாங்கினார். அடியில் கனம் வைத்த கண்ணாடி அல்லது உலோகக் குமிழ், மேலே அளவு கீறிய தண்டு. நீர்மத்தில் மிதக்க விட்டால் எவ்வளவு மூழ்குகிறது என்பதிலிருந்து அடர்த்தி தெரியும். பால்காரரின் பாலில் தண்ணீர் தேடும் பால்மானியும் இதே குடும்பம். சாராயத்தின் வலுவை அறியக் கலால் அலுவலர்கள் அதற்கு முன்பே இவ்வகைக் கருவியைப் பயன்படுத்தி வந்தார்கள். பீருக்கு அது தேவை என்று எண்ணியவர் எவரும் இல்லை என்றே சொல்லலாம். காய்ச்சுதொழிலில் இருந்த பாவர்ஸ்டாக்கின் தந்தைக்கு இத்தகைய புதுமைகளைக் கண்டாலே ஆகாது. மகன் தந்தையின் கண்ணில் படாமல்தான் அளந்து பார்த்தார் என்று சொல்லப்படுகிறது. தம் முடிவுகளை எடுத்துக்கொண்டு லண்டனின் பெருமுதலாளியான சாமுவேல் விட்பிரெட்டிடம் அவர் போனதும், வெறுங்கனவுகளை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பிப் பிழைப்பைப் பார்க்கும்படி அறிவுரை பெற்றுத் திரும்பியதும் அதே கதையின் அடுத்த பகுதி. ஆதரவு கிடைத்தது சவுத்வார்க்கின் ஆங்கர் ஆலையை நடத்திய ஹென்றி த்ரேலிடமிருந்து. அகராதிக்காரர் சாமுவேல் ஜான்சனின் நெருங்கிய நண்பர் அவர்; அவருடைய மறைவுக்குப் பின் 1781இல் அந்த ஆலையை 1,35,000 பவுண்டுக்கு விற்றுக்கொடுத்த பொறுப்பாளர்களில் ஜான்சனும் ஒருவர்.

இக்கதையில் ஓர் எச்சரிக்கை தேவை. பாவர்ஸ்டாக்கைப் பற்றி வழங்கும் செய்திகளில் பெரும்பகுதி அவருடைய மகன் பிற்காலத்தில் எழுதியதிலிருந்து வருகிறது. தன் தந்தையை நாயகனாக்கவும் தன் பாட்டனாரைப் பிற்போக்காளராக்கவும் ஒரு மகனுக்கு நியாயமான காரணங்கள் இருந்திருக்கும். ஆனால் பாட்டனாரின் அச்சத்தை முட்டாள்தனம் என்று ஒதுக்குவது எளிதல்ல. நாற்பது ஆண்டுகள் விரலிலும் நாவிலும் சேர்ந்த அறிவை, கடையில் வாங்கிய ஒரு குமிழ் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுமானால், அந்த அறிவுக்குக் கூலி என்ன? பயிற்சிப் பணத்தைக் கட்டி ஆண்டுக்கணக்கில் உடனிருந்து கற்றுக்கொள்ள யார் வருவார்கள்? தந்தை கேட்காமல் விட்ட கேள்வி இதுவாக இருக்கலாம்.

பாவர்ஸ்டாக் தம் நூலை 1785இல்தான் அச்சிட்டார். அதற்கு ஓராண்டு முன்னதாகவே ஹல் நகரத்துக் காய்ச்சுநர் ஜான் ரிச்சர்ட்சன் தம் அளவீட்டு நூலை வெளியிட்டு, ‘சாக்கரோமீட்டர்’ என்ற பெயரையும் நிலைநாட்டிவிட்டார். அவருடைய அளவுகோல் எளிமையானது: ஒரு பீப்பாய் நீரைவிட ஒரு பீப்பாய் சாறு எத்தனை பவுண்டு கூடுதலாக எடையிருக்கும்? பின்னால் நிலைபெற்ற இம்பீரியல் அளவில் 36 காலன் பீப்பாயின் நீர் 360 பவுண்டு, ஆகவே 1.050 என்பது 18 பவுண்டு. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. அந்தப் பீப்பாயில் கரைந்திருக்கும் திடப்பொருள் 18 பவுண்டு அல்ல, ஏறத்தாழ 47 பவுண்டு. சர்க்கரை கரையும்போது தனக்கான இடத்தை நீரிடமிருந்து பறித்துக்கொள்கிறது. தராசு காட்டுவது மிச்சத்தை மட்டும். எதை அளக்கிறோம் என்பதும் எதை அளப்பதாக எண்ணுகிறோம் என்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடச் சுருக்கமான பாடம் ஆய்வுமுறை வகுப்புகளில் கிடைப்பது அரிது.

எண் வந்ததும் பீர் மாறியது. இது மிகையன்று. லண்டனின் போர்ட்டர் அதுவரை பழுப்பு மால்ட்டிலிருந்து காய்ச்சப்பட்டது. வெளிர் மால்ட்டைவிட அது விலை குறைவு என்பதால் சிக்கனமானது என்றே நம்பினார்கள். சாக்கரோமீட்டரை மிதக்கவிட்டபோது, பழுப்பு மால்ட் தரும் சாறு மிகவும் நீர்த்தது என்றும், கொடுத்த காசுக்குக் கிடைக்கும் சர்க்கரையைக் கணக்கிட்டால் வெளிர் மால்ட்டே மலிவு என்றும் தெரியவந்தது. ஆலைகள் மெல்ல வெளிர் மால்ட்டுக்கு நகர்ந்தன. ஆனால் குடிப்பவர்கள் கருமையை எதிர்பார்த்தார்கள். கருக்கிய சர்க்கரை முதல் இன்னும் சொல்லத்தகாத பொருள்கள் வரை பீப்பாய்க்குள் போயின. கருக்கிய சர்க்கரையைச் சட்டமே சில ஆண்டுகள் அனுமதித்து, 1816இல் மீண்டும் தடைசெய்தது. மறு ஆண்டு டேனியல் வீலர் மால்ட்டைக் காப்பிக்கொட்டைபோல வறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். சிறிதளவு கறுப்பு மால்ட் போதும், பீப்பாய் முழுதும் கறுத்துவிடும். இன்று ‘ஸ்டவுட்’ என்ற பெயரில் குடிக்கும் பானத்தின் காபி மணம், ஒரு கண்ணாடிக் குமிழ் செலவுக்கணக்கைத் திருத்தியதன் தூரத்து விளைவு. நாவின் சுவையை எண் அழித்தது என்று புலம்புவோர் இந்த இடத்தைக் கடக்கும்போது சற்றே தயங்கவேண்டியிருக்கும். எண் அழித்த சுவையும் உண்டு, பிறப்பித்த சுவையும் உண்டு.

பிரிட்டனில் வீட்டில் பீர் காய்ச்ச உரிமம் தேவை என்ற விதி 1963இல் நீங்கியது. அமெரிக்காவில் 1978இல் இயற்றிய சட்டம் அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் மது மாநிலப் பட்டியலில் இருப்பதால் அந்தந்த மாநிலக் கலால் சட்டமே இதை முடிவுசெய்கிறது. பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ அடுப்பங்கரையில் இருபது லிட்டர் பானையோடு நிற்பவரின் கையில் இருப்பது, பாவர்ஸ்டாக் ஒளித்துவைத்த அதே கருவியின் மலிவான வாரிசு. அதன் எண்ணை அவர் நம்புவதற்கு முன் செய்யவேண்டிய சில காரியங்கள் இருக்கின்றன. பெரும்பாலோர் செய்வதில்லை.

முதலாவது, கருவியையே சோதிப்பது. தண்டுக்குள் சுருட்டிவைத்த தாள்தான் அளவுகோல். தாள் சற்று நழுவினாலும் எல்லா எண்களும் நழுவும். 20 பாகையில் காய்ச்சிவடித்த நீரில் விட்டால் 1.000 காட்ட வேண்டும். 1.002 காட்டினால் இனி எல்லாவற்றிலிருந்தும் இரண்டைக் கழிக்க வேண்டும். அதோடு நிற்பது போதாது. 10 கிராம் சர்க்கரையை 90 கிராம் நீரில் கரைத்து, அங்கே 1.040 வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். சுழியத்தில் உண்மை பேசும் கருவி மேலே போகப்போகத் தடுமாறலாம்.

அடுத்தது வெப்பம், எல்லாப் பிழைகளிலும் பெரியது இதுவே. 20 பாகைக்கு அளவிட்ட கருவியை 60 பாகைச் சாற்றில் விட்டால் ஏறத்தாழ 15 புள்ளி குறைவாகக் காட்டும். 1.050 சாறு 1.035 என்று தோன்றும். காய்ச்சுபவர் மனமுடைந்து சர்க்கரையை அள்ளிப் போடுவார். 30 பாகையில், அதாவது நம் ஊர் அறையின் சாதாரண வெப்பத்தில், பிழை இரண்டரைப் புள்ளி. திருத்த அட்டவணைகள் உண்டு என்றாலும் மிகச் சூடான சாற்றுக்கு அவற்றை நம்புவதைவிட ஆறவைப்பதே மேல். ஆறவைக்கும்போது பாத்திரத்தை மூடிவைக்க வேண்டும். திறந்து வைத்தால் நீர் ஆவியாகி, அளக்கப்படுவது வேறொரு சாறாகிவிடும்.

பிறகு மாதிரி எடுப்பது. கெட்டியான சாற்றைக் காய்ச்சி, பின்னர் குளிர்ந்த நீரை ஊற்றி அளவைச் சரிக்கட்டும் வழக்கம் இருக்கிறது. கலக்காமல் விட்டால் கனமான சாறு அடியில் தங்கும், நீர் மேலே நிற்கும். அடிக்குழாயிலிருந்து பிடித்த மாதிரி ஒன்று சொல்லும், மேலிருந்து மொண்டது வேறொன்று சொல்லும். கருவி இரண்டு முறையும் உண்மையே சொல்கிறது, மாதிரிதான் பொய். களப்பணியில் ஒரு தெருவை மட்டும் விசாரித்து ஊரின் பேச்சுவழக்கை எழுதியவர்களுக்கு இது புரியும்.

பார்க்கும் கண்ணும் பிழை செய்யும். நீர்மம் தண்டைப் பற்றிச் சிறிது ஏறி நிற்கும். பெரும்பாலான கருவிகளில் அந்தப் பிறைத்தளத்தின் அடிவிளிம்பைத்தான் படிக்க வேண்டும். கறுத்த பீரில் அடிவிளிம்பு தெரியாது. மேல்விளிம்பைப் படித்தால் எண் ஒன்றிரண்டு குறைந்துவிடும், ஏனெனில் அளவுகோலில் சிறிய எண்கள் மேலே இருக்கின்றன. நொதிக்கும் பீரில் கரியமிலவாயுக் குமிழிகள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு அதைத் தூக்கிப் பிடிக்கும், எண் கூடும். இதற்கு மருந்து, காபி ஆற்றுவதுபோல் இரண்டு டம்ளர்களுக்கிடையே மாதிரியை ஆற்றி வாயுவை வெளியேற்றிவிட்டு, கருவியை ஒரு சுழற்றுச் சுழற்றி விடுவது. எந்த ஆய்வகக் கையேடும் இதைவிட நல்ல வழி சொல்லிவிடாது.

இத்தனை தொல்லை எதற்கென்று, இரண்டு துளி மட்டும் கேட்கும் ரிஃப்ராக்டோமீட்டருக்குப் பலர் மாறிவிட்டார்கள். ஒளி எவ்வளவு வளைகிறது என்பதிலிருந்து சர்க்கரையைக் கணிக்கும் கருவி அது. அதன் அளவுகோல் கரும்புச் சர்க்கரைக்கு வரையப்பட்டது. மால்ட் சாற்றில் பெருமளவு இருப்பது மால்டோஸ். ஆகவே படித்த எண்ணை 1.04 அளவில் வகுத்துக்கொள்வது வழக்கம். நொதிப்பதற்கு முன் இவ்வளவு போதும். நொதித்த பிறகுதான் விளையாட்டு. ஆல்கஹால் நீரைவிட ஒளியை அதிகம் வளைக்கும். கருவி அதையும் சர்க்கரை என்றே எண்ணிக்கொள்ளும். 1.050இல் தொடங்கி 1.010இல் முடிந்துவிட்ட பீர், ரிஃப்ராக்டோமீட்டரில் ஏறத்தாழ 6 பிரிக்ஸ் காட்டும். அதை அப்படியே மாற்றினால் 1.024 ஆகிவிடும். நொதிப்பு பாதியில் நின்றுவிட்டதென்று கவலைப்பட்டு மேலும் ஈஸ்ட் வாங்கப் போனவர்கள் பலர்.

அப்படியானால் ஹைட்ரோமீட்டர் மட்டும் உண்மை சொல்கிறதா என்றால், அதுவும் இல்லை. ஆல்கஹால் நீரைவிட இலேசானது. நொதித்த பீரில் எஞ்சிய சர்க்கரை கருவியைத் தூக்குகிறது, ஆல்கஹால் அதை மூழ்கடிக்கிறது; தெரிவது இரண்டின் சமரசம். 1.050 என்பது 1.010 ஆனால் சர்க்கரையில் 80 விழுக்காடு போய்விட்டதாகத் தோன்றும். உண்மையில் போனது 65 விழுக்காடு அளவே. இந்தத் தோற்றத்துக்கும் உண்மைக்கும் உள்ள உறவைப் பிராகாவின் கார்ல் பாலிங் 1843இல் அட்டவணையாக்கினார். இன்றுவரை காய்ச்சுதொழில் அதன் மேல்தான் நிற்கிறது. ஒரு கருவி மேல்நோக்கிப் பிழைக்கிறது, மற்றது கீழ்நோக்கி. இரண்டையும் ஒருசேரப் படித்தால், ஒன்றின் பிழை மற்றதன் பிழையை அளந்து கொடுக்க, ஆல்கஹால் எவ்வளவு, தொடக்கச் சாறு எவ்வளவு என்று இரண்டையுமே கணிக்கலாம்.

தொடக்கத்தை முடிவிலிருந்து கணிப்பது என்பது மொழியியலாருக்குப் பழகிய வேலை. இன்றைய மொழிகளை வைத்துக்கொண்டு மூலத் திராவிடச் சொல்லை மீட்டெடுத்து அதன் தலையில் ஒரு நட்சத்திரக் குறி இடுகிறோம். பிரிட்டிஷ் கலால் துறைக்கு அதே சிக்கல் வேறு உருவில் வந்தது. ஏற்றுமதியாகும் பீருக்கு மால்ட் வரியைத் திருப்பித் தரவேண்டும். தொகை தொடக்கச் சாற்றின் கிராவிட்டியைப் பொறுத்தது. கப்பலேறும்போதோ சாறு பீராகிவிட்டது. தாமஸ் கிரஹாம், ஹோஃப்மன், ரெட்வுட் ஆகிய மூன்று வேதியியலார் 1852இல் ஒரு வழி வகுத்தார்கள். பீரைக் காய்ச்சி ஆல்கஹாலைத் தனியே வடித்தெடுத்து அளப்பது. எஞ்சியதை நீர் சேர்த்துப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து அளப்பது. பிறகு அட்டவணையிலிருந்து, மறைந்துபோன சாற்றை மீட்பது. அவர்களுடைய மீட்டுருவாக்கத்துக்கு ஒரு வசதி இருந்தது, அது மொழியியலாருக்கு வாய்க்காது. தொடக்கச் சாற்றை முன்கூட்டியே அளந்துவைத்த பீரைக் கொண்டு தம் அட்டவணையை அவர்கள் சரிபார்த்துக்கொள்ள முடிந்தது.

1880இல் கிளாட்ஸ்டன் மால்ட் வரியையே எடுத்துவிட்டு, சாற்றின் கிராவிட்டியின் மேல் வரி போட்டார். அதன் பிறகு ஹைட்ரோமீட்டர் ஆலைக்குள் அரசின் கண்ணாக நின்றது. ஆல்கஹால் விழுக்காட்டுக்கு மாறியது 1993இல்தான். நம் ஊர் விஸ்கிப் புட்டிகளில் 42.8 விழுக்காடு என்று ஒரு விசித்திரமான எண் இருப்பதைக் கண்டவர்கள், 43 என்று ஏன் முழுமையாக்கவில்லை என்று யோசித்திருக்கலாம். பிரிட்டிஷ் கலால் 1816இல் ஏற்ற சைக்ஸ் ஹைட்ரோமீட்டரின் ‘புரூஃப்’ அளவில் 75 பாகை என்பதன் விழுக்காட்டு மொழிபெயர்ப்பு அது. கருவி போய்விட்டது, எண் நம் நாட்டில் தங்கிவிட்டது. செக் நாட்டு மதுக்கூடங்களில் இன்றும் ‘பத்து’ என்றோ ‘பன்னிரண்டு’ என்றோ கேட்டு வாங்குகிறார்கள். தொடக்கச் சாற்றில் நூற்றுக்கு எத்தனை பங்கு திடப்பொருள் என்ற பாலிங்கின் எண்ணே அங்கே பீரின் பெயர்.

வீட்டில் காய்ச்சுபவருக்கு வரி இல்லை. ஆனால் புட்டி இருக்கிறது. நொதித்தல் முடியுமுன் மூடியிட்டால், எஞ்சிய சர்க்கரை உள்ளேயே வாயுவாகும். நான்கு புள்ளி எஞ்சினால் ஒவ்வொரு லிட்டருக்கும் சுமார் இரண்டு லிட்டர் கரியமிலவாயு. நுரைக்காகச் சேர்க்கும் சர்க்கரை தருவது ஏறக்குறைய அதே அளவு. இரண்டும் சேரும்போது கண்ணாடி வெடிக்கிறது. அலமாரியில் ஒன்று வெடித்து அதன் சில்லுகள் அடுத்ததை உடைத்ததும், அதைக் கையில் எடுக்கப் போனவர் காயப்பட்டதும் இப்பொழுதுபோக்கில் புதிய செய்திகள் அல்ல.

இதற்காகத்தான் சில நாள் இடைவெளியில் இரண்டு முறை அளந்து, எண் மாறவில்லை என்றால் மட்டும் புட்டியிலடை என்ற விதி இருக்கிறது. விதி சரி; அதற்குள்ளும் வெப்பம் புகுந்துவிடும். வெள்ளியன்று பிற்பகல் வெக்கையில் 30 பாகையில் அளக்கிறார், 1.012 என்று வருகிறது, உண்மை 1.015க்கு அருகில். திங்கள் காலை குளிர்ச்சியில் 20 பாகையில் அளக்கிறார், மறுபடியும் 1.012; இம்முறை அதுதான் உண்மை. ஏட்டில் இரண்டு எண்களும் ஒன்றே. இடையில் பீர் மூன்று புள்ளி இறங்கியிருக்கிறது, இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது. எண்ணுக்குப் பக்கத்தில் வெப்பநிலையையும் எழுதிவைத்திருந்தால் அந்த ஏடே அவரை நிறுத்தியிருக்கும். எழுதாதவர் அன்று மாலையே மூடிகளை எடுத்துக்கொண்டு உட்காருவார்.